ரோ நிகழ்ச்சியில் பேச்சு மிகுந்து ஆட்டம் குறைந்துவிட்டதா?

கேள்வி (ஹட்டன்): WWE நிறுவனத்தின் தொலைக்காட்சி மல்யுத்த நிகழ்ச்சியான ரோ, 1993இல் ஒரு மணி நேர நிகழ்ச்சியாகத் தொடங்கி, 2012இல் மூன்று மணி நேரமாக நீட்டப்பட்டதிலிருந்து பேச்சு பெருகி மல்யுத்தம் சுருங்கிவிட்டது என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்காவின் திங்கள் இரவு நமக்குச் செவ்வாய் அதிகாலை. தோட்டத்தில் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் பார்க்க அமரும் எங்கள் லயத்து இளைஞர்கள், தொடக்கத்தில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து நீளமாகப் பேசுவதை மட்டுமே பார்த்துவிட்டு எழுந்து போகிறார்கள். உங்கள் எண்ணம் என்ன?

பதில் (பண்டாரவளை): தம்பி, பேச்சே வேண்டாமென்று ஒதுக்கிவிட முடியாது. மல்யுத்த வீரர் ரோமன் ரெய்ன்ஸ் 1,316 நாள் சாம்பியனாக இருந்த ஆட்சியை 2024 ஏப்ரலில் கோடி ரோட்ஸ் முடித்துவைத்தபோது, மறைந்த மல்யுத்த வீரரான தன் தந்தை டஸ்டி ரோட்ஸைப் பற்றி அவர் மனம்விட்டுப் பேசியவைதாம் அந்த வெற்றிக்குக் கனம் சேர்த்தன.

பதில் (தலவாக்கலை): அண்ணன் சொல்வது சரி. ஆயினும் WWEயின் சாம்பியன் பட்டங்களில் ஒன்றான இண்டர்காண்டினென்டல் பட்டத்தை 666 நாட்கள் வைத்திருந்த குந்தரைப் பாருங்கள். விரித்த கையால் அவர் நெஞ்சில் ஓங்கி அறையும் ஓசையும், சற்று நேரத்தில் எதிராளியின் மார்பு கன்றிச் சிவப்பதும், முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டதென்று அறிந்தவர்களையும் நிமிர்ந்து உட்கார வைக்கின்றன. எந்தப் பேச்சாலும் அதைச் செய்ய முடியாது.

கேள்வி கேட்டவர்: அதனால்தான், முதல் மணி நேரத்திலேயே விளம்பரம் குறுக்கிடாத முழுநீள ஆட்டம் ஒன்றாவது வேண்டுமென்கிறேன், அண்ணா. கோடியின் பேச்சை அதன் பிறகு எவ்வளவு நேரமும் கேட்கலாம்.