1 எச்.பி. லேத் மோட்டாருக்கு எந்த வி.எஃப்.டி.?

பீன்யா பட்டறை:
பெங்களூரில் சின்ன மரக் கடைசல் பட்டறை. லேத்தில் சிங்கிள் ஃபேஸ் மோட்டார். வேகத்துக்காகப் பெல்ட்டை மாற்றி மாற்றிச் சலித்துப்போய் ஒரு வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்) வாங்கி மாட்டினேன். கொஞ்ச நேரம் ஓடியது. வேகத்தைப் பாதியாக்கியதும் உள்ளே ‘டிக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் உறுமல், கருகல் வாடை. டிரைவ்தான் மட்டமா?

காயில் கட்டுபவன்:
அந்த ‘டிக்’ சென்ட்ரிஃப்யூகல் சுவிட்ச், தம்பி. மோட்டார் வேகம் பிடித்ததும் ஸ்டார்ட்டிங் வைண்டிங்கைத் துண்டித்துவிடுவது அது. வேகம் குறைந்ததும் திரும்பச் சேர்ந்துகொண்டு ஸ்டார்ட்டிங் வைண்டிங்குக்குக் கரண்ட் விட்டிருக்கும். மோட்டாரைக் கிளப்ப மட்டும், சில நொடிதான் தாங்கும் வைண்டிங் அது, கருகாமல் என்ன செய்யும்? டிரைவைத் திட்டாதீர்கள். த்ரீ ஃபேஸ் மோட்டார் போடுங்கள், அதில் இந்த சுவிட்சே கிடையாது.

பீன்யா பட்டறை:
எங்கள் லைன் சிங்கிள் ஃபேஸ்தானே அண்ணா?

காயில் கட்டுபவன்:
பரவாயில்லை. 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் வாங்கி த்ரீ ஃபேஸ் தரும் டிரைவ் உண்டு. வெளியே வருவதும் 230தான், அதனால் 415 வோல்ட்டுக்கு ஸ்டாராக இணைத்த மோட்டாரை டெல்டாவாக்க வேண்டும். இரண்டும் மூன்று காயிலை இணைக்கும் விதம்தான்; டெல்டாவில் 230 போதும். மோட்டாரின் டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருக்கிறதா பாருங்கள், இருந்தால்தான் சுலபமாக மாற்றலாம். எச்.பி.யை நம்பாமல் ஆம்பியரைப் பாருங்கள்: ஸ்டாரில் 1.8 என்றால் டெல்டாவில் 3.1. டிரைவ் அதற்கு மேல் தர வேண்டும்.

ராஜாஜிநகர்:
மெதுவாகவே ரொம்ப நேரம் ஓட்டினால் மோட்டாரின் விசிறிக் காற்று போதாது, சூடாகும்.

பீன்யா பட்டறை:
சரி. சனிக்கிழமை மோட்டார் வாங்க எஸ்.பி. ரோடு கடைகளுக்குப் போகிறேன். டெர்மினல் பெட்டியைத் திறந்து ஆறு முனையைக் காட்டினால்தான் காசு.