கடனை முடித்துத் தர முன்பணம் கேட்கிறார்கள், கட்டலாமா?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து உறவுகளே, வங்கி நடைமுறை தெரிந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

என் மச்சான் விசைப்படகு எஞ்சினுக்காக வங்கியில் கடன் வாங்கியிருக்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தில் தவணை நின்றுபோனது. இப்போது ஒருவர் தொலைபேசியில் பேசுகிறார். கடனைப் பாதியாகக் குறைத்து, மாதத் தவணையாக மாற்றி, வங்கியோடு ஒப்பந்தம் போட்டுத் தருவாராம். முன்பணம் 15,000 ரூபாய். அதுவரை வங்கிக்கு ஒரு பைசா கட்டக்கூடாதாம், அழைத்தாலும் எடுக்கக்கூடாதாம். எனக்கு உறுத்துவது இதுதான். வங்கி மறுத்தால் பணம் திரும்புமா என்று கேட்டேன். “அது சேவைக் கட்டணம்” என்று மழுப்பினார். அக்காளோ சங்கிலியை அடகு வைக்கலாமா என்கிறாள்.

நான் அறிந்தவரை, வங்கிக் கிளையிலேயே நேரடியாக மனுக் கொடுக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் வழக்குக்கு முன்பே பேசித் தீர்க்கலாம், நீதிமன்றக் கட்டணம் கிடையாது. ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யவும் கட்டணமில்லை. குறைத்து முடித்தால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அது பதிவாகும் என்பதை அந்த மனிதர் வாய் திறந்து சொல்லவில்லை.

மக்கள் நீதிமன்றத்தை நடத்தும் ராமநாதபுரம் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் படகுக் கடனை முடித்தவர்கள் இருக்கிறீர்களா? வங்கி உடனே எவ்வளவு கேட்டது? மீதிக்கு எத்தனை தவணை கிடைத்தது? மனுவோடு எந்தெந்தத் தாள்களை இணைத்தீர்கள்? சனிக்கிழமைக்குள் பணம் வேண்டும் என்று அந்த ஆள் நெருக்குகிறார். அதற்குள் பதில் போடுங்கள்.