சாவிச் சத்தம் கேட்டாலே வயிறு கலங்குகிறது

அப்பா குடிப்பார். கதவில் சாவி தடுமாறும் சத்தத்தை வைத்தே இன்று எப்படி என்று கண்டுபிடித்து, தம்பியை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். இப்போது கல்யாணமாகி 4 வருடம், கணவர் குடிப்பதே இல்லை, ஆனாலும் தாமதமாக வந்தால் பக்கத்தில் போய் மோந்து பார்க்கிறேன். நேற்று அதைக் கவனித்துவிட்டார். ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துவிட்டார். இதை எப்படி விடுவது?

பதில் 1:
எனக்கு அம்மா. சந்தேகம் வரவில்லை, எல்லாரையும் காப்பாற்றும் வியாதிதான் வந்தது. தங்கைக்கு 30 வயதாகிறது, இன்னமும் அவள் கடனை நான்தான் அடைக்கிறேன். அவள் கேட்டாளா என்றால், இல்லை!

பதில் 2:
அன்று அந்தக் காது உங்கள் இருவரையும் காப்பாற்றியது, அதனால் சுலபத்தில் போகாது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காகவே 1951 முதல் அல்-அனான் என்ற அமைப்பு இருக்கிறது. குடித்தவர் நிறுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, நீங்கள் போகலாம்.

பதில் 3:
நான் உங்கள் கணவர் இடத்தில் இருப்பவன். மோந்து பார்ப்பது வலிக்கும்தான், ஆனால் காரணம் தெரியாததுதான் அதைவிட வலித்தது. சாவிக் கதையை அவரிடம் சொன்னீர்களா?

கேட்டவர்:
இல்லை. தம்பியைத் தவிர யாருக்கும் தெரியாது. சரி, இன்று ராத்திரி சொல்லிப் பார்க்கிறேன்.