விமானப் பாதைக்குக் கீழே வீடு: விலை குறைவு சரி, தூக்கம்?

தாம்பரம்_லோக்கல் (திரி தொடங்கியவர்):
சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர், பம்மல் வடபக்கம், அனகாபுத்தூர் வட்டாரத்தில் இரண்டு படுக்கையறை வீடு தேடும் ஒரு குடும்பம். பிள்ளைகளுக்கு வயது 9, 2. ஒருவருக்கு வேலை கிண்டியில், இன்னொருவருக்குப் போரூரில். அதே காசுக்கு ஊரப்பாக்கத்தில் அமைதியான வீடு கிடைக்கும், ஆனால் பயணத்திலேயே பாதி நாள் போய்விடும். தரகர் சொல்வது வழக்கம்போல: "ஒரு வாரத்துல பழகிடும் சார்." விமானச் சத்தத்துக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம்? அளவு சொல்லி எழுதுங்கள். "பழகிடும்" தரகரோடு போகட்டும்.

ஒலிமானி:
"ஏர்போர்ட் பக்கம்" என்று பொதுவாகப் பேசுவதில்தான் முதல் தப்பு. ஓடுபாதையின் கோட்டில் வீடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி, தூரம் அதற்கு அப்புறம். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதை 07/25. மேப்பில் அதை இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்து நீட்டுங்கள். மேற்கே பொழிச்சலூர், பம்மலின் வடபகுதி, அனகாபுத்தூர். கிழக்கே ஆலந்தூர், கிண்டி, கோட்டூர்புரம், அப்புறம் கடல்.

இறங்குகிற விமானம் 3 டிகிரி சரிவில் வரும். தரை தொடும் இடத்திலிருந்து 1 கி.மீ. தள்ளிப் போனால் உயரம் 52 மீட்டர். 3 கி.மீ. தள்ளி உங்கள் மொட்டைமாடி இருந்தால் தலைக்கு மேல் சுமார் 160 மீட்டரில் போகும். அதே வீட்டைக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் 1 கி.மீ. நகர்த்திப் பாருங்கள். இப்போது விமானத்துக்கும் காதுக்கும் இடைவெளி ஆறு மடங்குக்கு மேல். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும் என்ற கணக்கில் 16 டெசிபல் போய்விடும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல இருக்கும்.

அதனால்தான் நங்கநல்லூர் ஓடுபாதைக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தும் தப்பிக்கிறது. அது பக்கவாட்டில் இருக்கிறது. ஓடி ஏறும் உறுமலும், இறங்கியதும் போடுகிற ரிவர்ஸ் இரைச்சலும் கேட்கும். தலைக்கு மேல் எதுவும் போகாது. விலையும் அதற்கேற்றபடிதான்.

என் முடிவு: 2 வயதுக் குழந்தையோடு கோட்டுக்கு நேர் கீழே, 4 கி.மீ.க்குள் வேண்டாம்.

பல்லாவரம்_வெள்ளிச்சந்தை:
அண்ணே, கணக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா பயம் காட்டறதுக்குன்னே எழுதின மாதிரி இருக்கு.

ஒண்ணு, இன்னைக்குப் பறக்குறதுல பெரும்பகுதி ஏ320நியோ, ஏ321நியோ. பழைய இன்ஜின் மாதிரி கத்தாது. ரெண்டு, விமானம் ஒண்ணு போனா 20, 30 செகண்ட்ல முடிஞ்சுது. ஜிஎஸ்டி ரோடு முடியுமா? ராத்திரி 2 மணிக்கும் லாரி ஏர்ஹாரன் அடிக்கும். மூணு, ஊரப்பாக்கத்துல இருந்து போரூருக்கு தினமும் போய் வர்ற அம்மா அப்பா பிள்ளையோட எப்போ உக்காருவாங்க? சத்தத்துக்கு டெசிபல் இருக்கு. வீட்டுல ஆள் இல்லாததுக்கு எந்த மீட்டர்?

ஒலிமானி:
நியோ பற்றிச் சொன்னது பாதி உண்மை. ஏறும்போது இன்ஜின்தான் பேசும், அங்கே நியோவின் லாபம் பெரியது. இறங்கும்போது இன்ஜின் கிட்டத்தட்ட அடங்கிவிடும். அப்போது இரைச்சல் போடுவது விரித்த இறக்கைத் தட்டுகள், இறங்கிய சக்கரங்கள், அவற்றைக் கிழித்துப் போகும் காற்று. புது இன்ஜின் மாட்டினாலும் சக்கரம் அதே சக்கரம். பொழிச்சலூர்க்காரருக்கு வடகிழக்குப் பருவம் முழுக்கக் கிடைப்பது இந்த இறங்குகிற சத்தம்தான்.

இரவுக் கணக்கு ஒன்று போடுவோம். 160 மீட்டர் உயரத்தில் ஏ320 கடந்தால் வெளியே உச்சம் சுமார் 80 டெசிபல். ஒரு கடப்பின் மொத்த ஆற்றலை ஒரே நொடியில் அடக்கினால் 87 என்று வைப்போம். இரவு 10 முதல் காலை 6 வரை 30 விமானம் இறங்குகிறது என்றால், இரவு முழுக்கச் சராசரி 87 + 14.8 − 44.6 = 57 டெசிபல். (30க்கு லாகரிதம் எடுத்துப் பத்தால் பெருக்கினால் 14.8, எட்டு மணி நேரத்தின் 28,800 நொடிக்கு அதேபோல் 44.6.) குடியிருப்புப் பகுதிக்கு 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி வைத்திருக்கும் இரவு வரம்பு 45.

இந்தச் சராசரியும் ஏமாற்றும். விமானம் இரண்டு மடங்கானாலும் அது வெறும் 3தான் ஏறும். குழந்தை சராசரியைக் கேட்டு எழுந்திருப்பதில்லை, உச்சத்தைக் கேட்டுத்தான் எழுந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் 1999இல் சொன்ன அளவுகோல் வீட்டுக்கு இன்னும் வசதி: படுக்கையறைக்குள் 45 டெசிபலைத் தாண்டும் உச்சம் ஒரு இரவில் 10, 15 தடவைக்கு மேல் கூடாது. சென்னையில் இரவுத் தடை கிடையாது. வெளிநாட்டு விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டித்தான் வந்து போகின்றன.

பல்லாவரம்_வெள்ளிச்சந்தை:
அப்போ கிண்டி, கோட்டூர்புரம் ஆளுங்க எல்லாரும் தூங்காமலா இருக்காங்க? அங்கே சதுர அடி என்ன விலைன்னு பாத்தீங்களா?

ஒலிமானி:
கோட்டூர்புரம் வரும்போது உயரம் 300 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. அங்கே இருக்கிறவர்களில் பலர் கனத்த கண்ணாடி போட்டு, ஏசி ஓட விட்டுத் தூங்குகிறார்கள். விலை சத்தத்தை மட்டும் பார்த்து ஏறுவதில்லை.

கண்ணாடிக்கடை:
ரெண்டு பேரும் ஜன்னலை மறந்துட்டுப் பேசறீங்க. வெளியே 80ன்னா உள்ளே எவ்வளவுன்னு சொல்றேன்.

ஜன்னல் திறந்திருந்தா 10–15தான் குறையும், உள்ளே 68. பில்டர் போட்டுக் கொடுக்கிற அலுமினியம் ஸ்லைடிங், 5 மி.மீ. கண்ணாடி, மூடி வச்சா 20ஐ ஒட்டி, உள்ளே 60. யுபிவிசி (பிளாஸ்டிக்) ஃபிரேம்ல கதவு மாதிரி திறக்கிற கேஸ்மென்ட், சுத்தி ரப்பர் கேஸ்கட், நாலு பக்கமும் பூட்டுற லாக், 6.38 மி.மீ. லேமினேட்டட் (நடுவுல படலம் வச்சு ரெண்டு தகடு ஒட்டின) கண்ணாடி, சரியா மாட்டினா 32–33, உள்ளே 47. பழைய ஜன்னலை அப்படியே விட்டு, உள்பக்கம் 10 செ.மீ. இடைவெளியில இன்னொரு ஜன்னல் வச்சா 40ஐத் தொடும், உள்ளே 40. ஒலிமானி சொன்ன 45க்குக் கீழே வர்றது இது ஒண்ணுதான்.

ஸ்லைடிங்ல கண்ணாடியை மட்டும் மாத்தி ஏமாறாதீங்க. நாலுக்கு நாலு ஜன்னலோட சுத்தளவு 4.8 மீட்டர். பிரஷ் தேஞ்சு 2 மி.மீ. சந்து இருந்தா மொத்த ஓட்டை 96 சதுர செ.மீ. ஜன்னல் பரப்புல ஒரு சதவீதம்கூட இல்ல. ஆனா அந்த ஓட்டை இருக்கிற வரைக்கும் 22 டெசிபலுக்கு மேல குறையவே குறையாது, 12 மி.மீ. கண்ணாடி போட்டாலும் சரி. ராத்திரி உள்ளே லைட்டை அணைச்சுட்டு, வெளியே இருந்து ஒருத்தர் டார்ச் அடிக்கட்டும். வெளிச்சம் கசியற இடமெல்லாம் சத்தமும் கசியும்.

அடுத்து ஏசி பைப் போற ஓட்டை. சுத்தி வெறும் சிமென்ட் பூசி விட்டிருப்பாங்க, உள்ளே காலியா இருக்கும். கண்ணாடி கம்பளி அடைச்சு சீலன்ட் போடணும்.

கூரை கான்கிரீட்டா இருந்தா கவலை இல்ல, 5 அங்குல ஸ்லாப் 50 கிட்ட தடுக்கும். மாடியில தகர ஷீட், ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒரு ரூம் இறக்கியிருந்தா அதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீங்க. சத்தம் மேல இருந்து வருது.

பல்லாவரம்_வெள்ளிச்சந்தை:
இதைத்தான் நானும் சொல்றேன். படுக்கையறை ரெண்டுக்கும் ஜன்னலை மாத்திட்டா விஷயம் முடிஞ்சுது.

ஒலிமானி:
முடியவில்லை. அப்படி அடைத்த அறையில் நாலு பேர் ஸ்பிளிட் ஏசி போட்டுத் தூங்கினால் விடிவதற்குள் கரியமில வாயு 2,000 பிபிஎம்மை எளிதில் தாண்டும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுக்காது. காலையில் தலைக்கனம், பிள்ளைக்கு எரிச்சல். பழி விமானத்தின் மேல் விழும், காரணம் காற்று. 4 அங்குலக் குழாயில் இரண்டு வளைவு வைத்து, உள்சுவரில் கம்பளி ஒட்டி, சின்ன விசிறி போட்டுப் புதுக்காற்று கொண்டுவர வேண்டும். செய்யலாம். செய்கிறவர்கள் எத்தனை பேர்?

பால்கனி, மொட்டைமாடி, தெருவில் விளையாடுவது, இதற்கெல்லாம் எந்தக் கண்ணாடியும் இல்லை.

தாம்பரம்_லோக்கல்:
9 வயதுக்காரனின் படிப்பு? விமானச் சத்தம் படிப்பைக் கெடுக்கும் என்கிறார்களே.

ஒலிமானி:
ஆய்வு இருக்கிறது. ஹீத்ரோ, ஸ்கிபோல், மாட்ரிட் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பள்ளிகளில் 9, 10 வயதுப் பிள்ளைகளை வைத்து நடந்தது, 2005இல் வெளியானது. சத்தம் 5 டெசிபல் கூடினால் வாசித்துப் புரிந்துகொள்வதில் பிரிட்டனில் சுமார் 2 மாதம், நெதர்லாந்தில் 1 மாதம் பின்தங்கல்.

பல்லாவரம்_வெள்ளிச்சந்தை:
முழுசா சொல்லுங்க. அதுல முக்கியமா அளந்தது பள்ளிக்கூடத்துச் சத்தம். வீடு பம்மல்ல இருந்து ஸ்கூல் குரோம்பேட்டைல இருந்தா அந்த 2 மாசக் கணக்கு அப்படியே ஒட்டாது. மூனிக்ல 1992இல் பழைய ஏர்போர்ட்டை மூடினப்போ, பக்கத்துல இருந்த பிள்ளைங்களோட வாசிப்பும் ஞாபகமும் தேறிடுச்சுன்னும் ஆய்வு இருக்கு. நிரந்தரச் சேதம் மாதிரி எழுதக் கூடாது.

ஒலிமானி:
பள்ளி விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். வீட்டைப் பார்க்கும் அன்றே பள்ளியையும் அதே கோட்டில் வைத்துப் பாருங்கள். திறந்த ஜன்னல், ஃபேன், 40 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொரு விமானத்துக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினால் அங்கேதான் நஷ்டம். ஆனால் மூனிக் உதாரணத்தின் மறுபாதியை விட்டுவிட்டீர்கள். புது ஏர்போர்ட் வந்த இடத்துப் பிள்ளைகளுக்கு அதே வாசிப்பு இறங்கியது.

பத்திரம்_பார்ப்பவர்:
இரண்டு விஷயம் யாரும் எழுதவில்லை.

சட்டத்தை நம்பி வாங்காதீர்கள். மேலே சொன்ன ஒலி மாசு விதியின் 45 உங்களுக்கு உதவாது. 2018இல் விமான நிலையச் சுற்றுப்புறத்துக்கென்று தனி வரம்பு அறிவித்தார்கள்: ஆண்டுக்கு 50,000 இயக்கத்துக்கு (ஏறுவது, இறங்குவது ஒவ்வொன்றும் ஓர் இயக்கம்) மேல் உள்ள நிலையம் என்றால் பகலில் 70, இரவில் 65. சென்னையில் ஒரு நாளைக்கே 400ஐ ஒட்டி வந்து போகிறது. ஒலிமானி போட்ட 57 இந்த 65க்குள் அடங்கிவிடும். புகார் எழுதினாலும் கை விரிப்பார்கள்.

அடுக்குமாடி என்றால் விமான நிலைய ஆணையத்தின் உயரத் தடையின்மைச் சான்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் எழுதியிருக்கும் உயரம் கடல் மட்டத்திலிருந்து. தரை 15 மீட்டரில் இருந்து, சான்று 40 என்றால், கட்டடத்துக்கு மிஞ்சுவது 25. லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி, ஆன்டெனா எல்லாம் அதற்குள்தான். மிஞ்சிக் கட்டியதை இடிக்க 1994ஆம் ஆண்டு விதியில் இடம் உண்டு. ஆணையத்தின் உயர வரம்பு வண்ண வரைபடத்தில் சிவப்பு மண்டலம் என்றால் உயரம் எதுவானாலும் சான்று வேண்டும்.

"பரந்தூர் வந்தா இங்கே சத்தம் போயிடும்" என்று, திட்டத்தில் இருக்கும் புது விமான நிலையத்தைச் சொல்லி விற்கிறார்கள். பெங்களூரில் 2008 மே மாதம் தேவனஹள்ளி புது விமான நிலையம் திறந்ததும் பழைய எச்ஏஎல் விமான நிலையத்தில் பயணிகள் விமானம் நின்றது. ஹைதராபாத் பேகம்பேட்டிலும் அதே ஆண்டு அப்படித்தான். அவற்றைக் காட்டித்தான் பேசுகிறார்கள். மீனம்பாக்கத்தை மூடுவதாக எந்த அறிவிப்பும் கிடையாது. அந்தப் பேச்சுக்கு ஒரு ரூபாய்கூட விலையில் சேர்க்காதீர்கள்.

பல்லாவரம்_வெள்ளிச்சந்தை:
சத்தத்துக்கு இவ்வளவு எழுதறீங்க, அடையாறைப் பத்தி ஒரு வரி இல்ல. 2015 டிசம்பர்ல ஏர்போர்ட்டே மூழ்கி மூடிக் கிடந்துச்சு. அனகாபுத்தூர், கவுல் பஜார், பொழிச்சலூர் எல்லாம் ஆத்தங்கரை. சத்தம் கேட்டா ஜன்னலைச் சாத்தலாம். தண்ணி வந்தா?

ஒலிமானி:
இதற்கு எதிர்வாதம் இல்லை.

தாம்பரம்_லோக்கல்:
சரி, வீட்டைப் பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

ஒலிமானி:
முதலில் காற்று. விமானம் எதிர்க்காற்றில்தான் ஏறும், இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலைக்காற்று, கடல் பக்கமிருந்து வந்து இறங்கும். பம்மல் பக்கம் மேலேறிப் போகும். அப்போது விமானம் நல்ல உயரத்தில் இருக்கும், தரகர் வீடு காட்ட ஏற்ற காலம். அக்டோபர் பிற்பாதியிலிருந்து ஜனவரி வரை திசை மாறி, உங்கள் மொட்டைமாடிக்கு மேல் இறங்கும். கோடையில் ஒரே நாளில் இரண்டும் உண்டு. காலையில் மேற்கே பார்த்து ஏறுவது, மதியம் கடற்காற்று நுழைந்ததும் திரும்பிவிடும். ஆகவே ஜூலையில் பார்த்த வீட்டுக்கு ஜூலையில் முன்பணம் கொடுக்காதீர்கள். அவசரம் என்றால் நவம்பர் கதையை மேல்வீட்டுக் குடித்தனக்காரரிடம் கேளுங்கள். உரிமையாளர் சொல்ல மாட்டார்.

போகி காலையில் மட்டும் போகாதீர்கள். புகையில் விமானம் தாமதமாகி ஊரே அமைதியாக இருக்கும்.

ஃபிளைட்ரேடார்24ஐத் திறந்து வைத்து, எது இறங்குகிறது, எந்தப் பக்கம் என்று பாருங்கள். இரவு 11 முதல் 1 வரை படுக்கையறையிலேயே உட்காருங்கள். போனில் ஒலிமானி ஆப், ஏ-வெயிட்டிங் (காது கேட்கிற விதத்துக்கு ஏற்ற அளவு), ஒவ்வொரு விமானத்துக்கும் உச்சம். ஜன்னல் திறந்து ஐந்து, மூடி ஐந்து. ஆண்ட்ராய்டு போன்கள் ஒன்றுக்கொன்று 5, 6 டெசிபல் மாறும், அதனால் எண்ணை நம்பாமல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்புங்கள். வித்தியாசம் 10க்குள் இருந்தால் ஜன்னல் மூடியும் மூடாத கணக்கு.

கொளப்பாக்கம், கெருகம்பாக்கம் பக்கம் பார்த்தால் அது இரண்டாம் ஓடுபாதையின் முனை. சாதாரண நாளில் குறைவு. பெரிய ஓடுபாதையைப் பராமரிப்புக்கு மூடினால் விமானங்கள் அங்கே திரும்பும்.

பத்திரம்_பார்ப்பவர்:
அதைவிட 11 மாத வாடகை. அக்டோபரில் குடியேறினால் இரண்டு பருவமும் வாடகைக்குள்ளேயே தெரிந்துவிடும்.

பல்லாவரம்_வெள்ளிச்சந்தை:
இதுல மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. ஆனா வாடகை வீட்டுக்கு யாரு லேமினேட்டட் கண்ணாடி போடுவாங்க?

கண்ணாடிக்கடை:
அந்த ரெண்டாவது ஜன்னலை ஃபிரேமோட ஸ்க்ரூல மாட்டினா போகும்போது கழட்டிட்டுப் போகலாம், அடுத்த வீட்டு ஜன்னல் அதே நாலுக்கு நாலா இருந்தா. அதுக்கு முன்னாடி பாத்ரூம் வென்டிலேட்டரைப் பாருங்க. சாய்வாக் கண்ணாடிப் பட்டை அடுக்கியிருக்கும், அதை யாரும் மூடவே முடியாது. படுக்கையறையோட ஒட்டின பாத்ரூம்னா அதோட கதவுக்கடியில அரை அங்குலம் சந்து இருக்கும். மொத்த விமானமும் அது வழியாத்தான் உள்ளே வரும்.