வெளியில் சாப்பிட்டே ஆக வேண்டியவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

எல்லோருக்கும் வணக்கம். வேலை விஷயமாக அலைவதால் வாரத்தில் நாலைந்து நாள் ஹோட்டல் சாப்பாடுதான். போன மாதம் ரத்த அழுத்தம் 140/90 காட்டியது. உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. வீட்டில் சரி, அளவு நம் கையில். வெளியில்?

பொரித்ததை விட்டேன், குளிர்பானத்துக்குப் பதில் தண்ணீர். இதெல்லாம் சுலபம். நல்லதென்று நம்பி சாலட், சூப் பக்கம் போனதில்தான் ஏமாந்தேன். நேற்று வந்த சாலட்டில் இலை ஒவ்வொன்றும் சாஸில் முங்கி, தட்டின் அடியில் வெள்ளையாகக் குளம் கட்டி நின்றது. சூப்போ, குடித்தபின் இரண்டு டம்ளர் தண்ணீருக்கும் தாகம் அடங்கவில்லை! சாஸைத் தனிக் கிண்ணத்தில் கேட்டு வாங்கலாம், இனி அப்படித்தான். ஆனால் முன்கூட்டியே கொதிக்க வைத்த சூப்பில் உப்பை யார் குறைப்பது? "உப்பு கம்மியா" என்றால் பரிமாறுபவர் தலையாட்டிவிட்டுப் போகிறார், அவ்வளவுதான்.

நாம் சொன்ன பிறகு புதிதாகச் சமைப்பது எது, ஏற்கெனவே கலந்து வைத்தது எது என்று மெனுவைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி உண்டா? சமையலறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், அளவு. தட்டில் வந்ததை மீதம் வைக்க எனக்கு மனசு வராது. சாப்பிடத் தொடங்கும் முன்பே பாதியைப் பார்சல் கட்டச் சொல்பவர்கள் இருக்கிறீர்களா? கூட வருபவர்களின் கிண்டலை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.