'எண்டெவர்' என்ற சொல்லுக்கு மாற்று வேண்டும்

வேலை விண்ணப்பக் கடிதத்தில், நான் முன்னின்று முடித்த பெரிய பணி ஒன்றை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பழைய தரவு முழுவதையும் புதிய மென்பொருளுக்கு மாற்றிய வேலை. மூன்று குழுக்கள், ஒரு வருடம். 'எண்டெவர்' என்று எழுதினால் வழியனுப்பு மடல்களில் வரும் 'ஃபியூச்சர் எண்டெவர்ஸ்' வாடை அடிக்கிறது.

'வென்ச்சர்' போட்டுப் பார்த்தேன், முதல் போட்டுத் தொடங்கிய தொழில் போலத் தொனிக்கிறது. 'அட்டெம்ப்ட்' என்றால் கைகூடாமல் போனது போல. 'அண்டர்டேக்கிங்' கிட்டத்தட்ட சரி, ஆனால் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழிக்கும் அதே சொல்தான். 'எஃபர்ட்' சப்பென்று இருக்கிறது. 'ப்ராஜெக்ட்' அதே பத்தியில் ஏற்கெனவே வந்துவிட்டது. அகராதிகளோ எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன.

கடிதம் பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில். படிக்கப்போவது ஒரு மேலாளர். நாளை மறுநாள் அனுப்ப வேண்டும்.

இந்த இடத்தில், பேச்சிலும் உறுத்தாமல் வரக்கூடிய சொல் எது?