28 யூனிட் கூடியதற்கு 441 ரூபாயா?

பூட்டூர்க்காரி:
எங்கள் வீடு திண்டுக்கல்லில். நான், அவர், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். ஏசி கிடையாது, இன்வெர்ட்டரும் கிடையாது. போன முறை 486 யூனிட், 1,717 ரூபாய் கட்டினோம். இந்த முறை 514 யூனிட், 2,158 ரூபாய் என்று செல்லுக்குச் செய்தி வந்திருக்கிறது. கூடியது 28 யூனிட்தான், பணமோ 441 ரூபாய் கூடிவிட்டது. வகுத்துப் பார்த்தால் யூனிட்டுக்கு 15 ரூபாய்க்கு மேல் வருகிறது. அப்படி ஒரு விலையே கிடையாதே? மீட்டரில் கோளாறா, கணக்கில் கோளாறா என்று புரியவில்லை. பில் வந்த நாளிலிருந்து மாமியார் ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையோடு படுத்திருக்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொருநைக்கரை:
முதலில் அம்மாவை ஃபேன் போட்டுக்கொண்டு தூங்கச் சொல்லுங்கள் தங்கச்சி. பழைய ஃபேன் 75 வாட்ஸ் என்று வைத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு 0.6 யூனிட்தான். வயதானவர்கள் தூக்கத்தைக் கெடுத்து மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. நம் தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு கோடு. 2024 ஜூலைக் கட்டணப்படி, கோட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.35, அதற்கடுத்து 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 1,805 ரூபாய். கோட்டைத் தாண்டிவிட்டால் அந்த 2.35 என்கிற விலையே கிடையாது, 101ஆவது யூனிட்டிலிருந்து 4.70 போட்டுவிடுவார்கள். அதிலேயே 235 ரூபாய் ஏறிவிடும். 500க்கு மேல் போன யூனிட்டுக்கு 8.40. ஆக, 501ஆவது யூனிட் ஒன்று மட்டும் 243 ரூபாய் 40 காசு. நீங்கள் 14 யூனிட் தாண்டியிருக்கிறீர்கள், அவ்வளவுதான் விஷயம்.

அந்த 14 எங்கே போனது என்று மீட்டரிடமே கேட்கலாம். நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் காரணமே இல்லாமல் 600க்குப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. ஒரு ராத்திரி எல்லா விளக்கையும் ஃபேனையும் அணைத்து, ஃப்ரிட்ஜ் பிளக்கையும் பிடுங்கிவிட்டு, டார்ச்சோடு மீட்டர் முன்னால் போய் நின்றேன். மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டும் அல்லவா? முகப்பிலேயே 3200 என்று அச்சிட்டிருக்கும், சிலவற்றில் 1600. ஒரு யூனிட்டுக்கு அத்தனை தடவை சிமிட்டும் என்று அர்த்தம். வீட்டில் எதுவுமே ஓடவில்லை, ஆனால் பதினோரு விநாடிக்கு ஒரு தடவை சிமிட்டிக்கொண்டே இருந்தது. 3200 மீட்டரில் அது கிட்டத்தட்ட 100 வாட்ஸ். இரவும் பகலும் ஓடினால் 60 நாளைக்கு 144 யூனிட்.

ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பார்த்தேன். கடைசியில் மாடிப்படிக்குக் கீழே இருந்த இன்வெர்ட்டர் பிளக்கை எடுத்ததும் சிமிட்டல் நின்றது. ஏழு வருஷத்துப் பேட்டரி. பக்கவாட்டில் கை வைத்தால் வெதுவெதுவென்று இருந்தது. சார்ஜ் நிறையவே நிறையாமல் ஓயாமல் கரண்டை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்ததே, அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். புதுப் பேட்டரி போட்ட பிறகு ஒரு தடவைகூட 500ஐத் தாண்டவில்லை.

உங்களிடம் இன்வெர்ட்டர் இல்லை, சரி. வேறு ஏதாவது இருக்கும். இன்றைக்கு ராத்திரி சிமிட்டலை எண்ணிப் பாருங்கள். 3200 மீட்டர் என்றால் 1125ஐ விநாடியால் வகுத்தால் வாட்ஸ் வந்துவிடும்.

சிறுவாணித் தண்ணி:
அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. நாள் முழுக்க ஓடும் ஃபேனை மட்டும் பிஎல்டிசி ஃபேனாக, அதாவது கரண்ட் கம்மியாக இழுக்கும் மோட்டார் உள்ள ஃபேனாக மாற்றுங்கள். 30 வாட்ஸ் பக்கம்தான் இழுக்கும். தினம் 20 மணி நேரம் ஓடும் ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட் மிச்சம். எப்போதாவது போடும் ஃபேனை மாற்றுவது வீண் செலவு.

பொருநைக்கரை:
உண்மை. இன்னொன்றும் மறந்துவிட்டேன். ரீடிங் எடுத்த தேதியை காலண்டரில் குறித்து வையுங்கள். 40ஆவது நாள் நீங்களே மீட்டரைப் பார்த்து முந்தைய ரீடிங்கைக் கழியுங்கள். 330க்குக் கீழே இருந்தால் பயமில்லை. கூடியிருந்தால் கையில் இன்னும் இருபது நாள் இருக்கிறது. பில் வந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

பூட்டூர்க்காரி:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. அன்று ராத்திரியே பெரியவனைக் கூட்டிக்கொண்டு போய் எண்ணினேன். அவன் விநாடி சொன்னான், நான் விளக்கைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜைப் பிடுங்கியும் 30 விநாடிக்கு ஒரு தடவை சிமிட்டியது. 37 வாட்ஸ் சொச்சம், 60 நாளைக்கு 54 யூனிட். தேடினால், ஹாலில் ஒன்று, மாமியார் அறையில் ஒன்று என இரண்டு செட்டாப் பாக்ஸ். டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறோம், பாக்ஸ் இரண்டும் விடிய விடிய சூடாகவே கிடக்கின்றன. மிச்சம் இன்டர்நெட் மோடம். இப்போது டிவி பார்க்காத நேரமெல்லாம் பாக்ஸை சுவிட்சிலேயே அணைத்துவிடுகிறோம். மோடம் மட்டும் ஓடுகிறது, அவருக்கு அதிகாலையிலேயே வேலை.

நேற்று 40ஆவது நாள். ரீடிங் பார்த்தேன், 318. மாமியார் அறைக்குப் பிஎல்டிசி ஃபேன் சொல்லியிருக்கிறோம், சனிக்கிழமை மாட்ட வருகிறார்கள். 318 என்று காட்டிய பிறகுதான் அவர் ராத்திரி முழுக்க ஃபேன் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார்.